பொந்து இல்லாத வீடு

அந்த வீட்டில் என் கைப்பையைத் திறந்து வைக்க எனக்கு அனுமதி கிடையாது. ஸ்பேனரை எடுத்ததும் ஜிப்பை இழுத்து மூடிவிட வேண்டும். முதல் நாள் அது தெரியாமல், பையைத் திறந்தபடியே சுவரோரம் வைத்துவிட்டு, முக்காலியில் ஏறி ஒரு ராக்குக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து வந்த வீட்டுக்கார அம்மா பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூடு தம்பி. பொந்துன்னு நெனச்சுக்கிடும்."

எது நினைத்துக்கொள்ளும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இறங்கி மூடினேன். அப்போதுதான் ஜன்னலுக்குத் தள்ளி ஒரு பெரிய கூண்டும், அதற்குள் சாம்பல் நிறத்தில் கொண்டை வைத்த ஒரு பறவையும் இருப்பதைக் கவனித்தேன். கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டு. கிளியைவிடச் சிறியது, வால் நீளம். காக்கட்டீல் என்று பெயர் சொன்னார். அது என் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் துளை போட்ட இரும்பு ஆங்கிள்களைக் கோத்து அலமாரி செய்கிறவன். ஹவுராவில் ஒரு கடையில் வேலை. ஆபீஸ்களுக்குக் கோப்பு அடுக்கும் ராக்குகள் செய்வோம். நவராத்திரி சமயத்தில் தமிழர் வீடுகளுக்குக் கொலுப்படி கட்டிக்கொடுத்துவிட்டு, முடிந்ததும் பிரித்து எடுத்து வருவது என் சொந்த வேலை. அப்பா இங்கே வார்ப்பட ஆலைக்கு வந்தவர். நான் ஐந்தாவது வரை படித்தேன். அதற்கு மேல் படிப்பும் இல்லை, பேச்சும் அதிகம் இல்லை.

அவர் வீடு பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்புப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்தது கல்கத்தாவில்தான் என்றாலும் வீட்டில் பேசிய திருநெல்வேலித் தமிழ் அவர் வாயில் கலையாமல் இருந்தது. கட்டடத்தில் எல்லோரும் அவரைத் தீதி என்றார்கள், வங்காளத்தில் அக்காவுக்கு அதுதான் சொல். அக்கா என்பதா, அம்மா என்பதா, மாமி என்பதா என்று எனக்கு முடிவு செய்ய முடியவில்லை. நானும் தீதி என்றே கூப்பிட்டேன்.

பறவையைச் சந்தையில் ஆண் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆண்தான் சீட்டி அடிக்கும் என்பதால் ஆணுக்குத்தான் கிராக்கி அதிகமாம். "மூணு மாசம் ஏலே, ஏலேன்னு கூப்பிட்டேன். ஒருநா காலைல பாக்கேன், கூண்டுக்குள்ள முட்டை கெடக்கு. அன்னைலேருந்து ஏட்டின்னு மாத்திட்டேன்," என்றார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் போல்ட்டை முறுக்கினேன்.

ஏட்டி என்பதே அதற்குப் பெயராகிவிட்டது.

ஆண் இல்லாமலே முட்டையிடும் என்பதும், அந்த முட்டை பொரிக்காது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொரிக்காது என்பது பறவைக்குத் தெரியாது. சாதகமாக நாலு விஷயம் கண்ணில் பட்டால் போதும், கூடு கட்டும் காலம் வந்துவிட்டது என்று அதன் உடம்பு முடிவு செய்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக முட்டையிடும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு முட்டை வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிடும். முதல் வருஷத்தில் அப்படி ஆகி, டாக்டர் ஊசி போட்டுப் பிழைத்ததாம். "இன்னொரு தடவை தாங்காதுன்னு சொல்லிட்டார்," என்றார். அந்த வீடு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் நடந்தது.

அங்கே இருட்டான மூலை எதுவும் கிடையாது. சோபாவுக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் பலகை வைத்து அடைத்திருந்தார். அதில் பாதி நான் அடைத்தது. அலமாரிக் கதவுகளுக்குக் கொக்கி போட்டிருந்தார். அட்டைப்பெட்டி உள்ளே வராது. வாசலிலேயே பிரித்து, பெட்டியை அங்கேயே மடித்துக் கீழே அனுப்பிவிடுவார். செய்தித்தாளைப் படித்த கையோடு உயரத்தில் வைத்துவிடுவார், கிடைத்தால் அது கிழித்துக் கூட்டுக்குச் சேர்க்கும். கண்ணாடி குளியலறையில் மட்டும், பார்த்தால் தன் உருவத்தையே ஜோடி என்று எடுத்துக்கொள்ளுமாம். பத்து நாளுக்கு ஒருமுறை கூண்டை ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றுவார். ஊறவைத்த தானியம், சூடான சோறு எதுவும் கிடையாது. உலர்ந்த தினையும் கொஞ்சம் கீரையும், சுண்ணாம்புச் சத்துக்காகக் கொத்தக் கணவாய் மீன் ஓடும்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூண்டின்மேல் கருநீலப் போர்வை விழும். கோடையில் வெளியே வெயில் இருக்கும்போதே ஜன்னல் திரைகளை இழுத்துவிடுவார். காலை ஏழு மணி வரைக்கும் அதற்கு இரவுதான். பகல் நீண்டால் முட்டை ஆசை வந்துவிடும். அதனால் மாலையில் அந்த வீட்டில் டிவி ஓடாது, விருந்தாளி வரக்கூடாது. அவர் சமையலறையில் ஒரு சின்ன பல்பைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, அங்கேயே உட்கார்ந்து படிப்பார்.

ஒருமுறை ராக்கில் ஒரு தட்டு ஆடுகிறது என்று கூப்பிட்டிருந்தார். நான் போனபோது பறவை வெளியே, மேஜைமேல் இருந்தது. அவர் விரலால் அதன் கொண்டைக்குக் கீழே கோதிக்கொண்டிருந்தார். தலையில் மட்டும்தான் தொடுவார். முதுகில் கை பட்டால் ஜோடி வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுமாம். கோதிக்கொண்டிருக்கும்போதே அது தாழ்ந்து படுத்து, வாலைத் தூக்கி, குழந்தை முனகுவதுபோல் ஒரு குரல் கொடுத்தது. அவர் கையை எடுத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை நிற்பதுபோல இருந்தது. பறவை கத்திக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். நான் தட்டைச் சரிசெய்யாமல் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தல் நின்ற பிறகுதான் திரும்பினார்.

"பாவமா இருக்கு தீதி," என்றேன். நானாக அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"பாவம்தான். குடுக்க முடியாதத கையில காட்டக்கூடாது."

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். இரண்டாவது மாடியில் ஒரு வங்காளி முதியவர் தனியாக இருந்தார். மகன் வெளிநாட்டில். ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் முன்னால் லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "இந்தத் தடவை பையன் வருவான்னு நினைக்கிறேன்," என்பார். எல்லோரும், "வருவான், வருவான்," என்பார்கள். ஒருநாள் தீதியும் நானும் அந்த லிஃப்டில் இருந்தோம். அவர் அதையே சொன்னார். தீதி வங்காளத்தில், "வரமாட்டான் அண்ணா. ஆறு வருஷமா வரல," என்றார். முதியவர் முகம் கறுத்துவிட்டது. அவருடைய மாடி வந்தும் அவர் இறங்க மறந்து எங்களோடு மேலே வந்தார். எனக்குத் தீதிமேல் கோபம் வந்தது. இந்த அம்மாவுக்கு என்ன வந்தது, ஒரு வார்த்தை சும்மா சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா என்று நினைத்தேன். ஆனால் அந்த முதியவர் ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, அதற்குப் பிறகு தினமும் காலையில் தீதி வீட்டுக்குத்தான் வந்து உட்கார்ந்தார். மகனைப் பற்றிப் பேசமாட்டார். பேப்பர் படிப்பார், கீழே வைக்கப் போவார். தீதி, "மேல, மேல," என்பார். எடுத்து மேலே வைத்துவிட்டுப் போவார்.

என் மகள் விஷயமும் இருக்கிறது. கரக்பூரில் ரயில்வேயில் இருக்கும் ஒரு பையன் வீட்டார் வந்து பெண் பார்த்தார்கள். ஊருக்குப் போய்விட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அந்த வாரம் தீதி வீட்டுக்கு வேலையாகப் போயிருந்தேன். என் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும், கேட்டார். சொன்னேன்.

"ஊருக்குப் போயிட்டுச் சொல்லுதோம்னா இல்லன்னு அர்த்தம்."

"அப்படியெல்லாம் இருக்காது தீதி. நல்ல மாதிரி பேசினாங்க."

"நல்ல மாதிரி பேசுனாங்கன்னா நிச்சயமா இல்ல. இன்னைக்கே ஒம்மகள்ட்ட சொல்லிரு. அவ மனசுல என்னத்தையாவது அடுக்கிக்கிடப் போறா."

நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், மகள் என் வாயைப் பார்த்தபோது, "பார்க்கலாம்மா," என்றேன். என் வாழ்க்கையில் யாருக்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை. பார்க்கலாம், ஆகட்டும், சரி, ஆச்சு. இவ்வளவுதான் என் சொற்கள். மகள் ஏழு மாதம் காத்திருந்தாள். போன் அடித்தால் முதலில் அவள்தான் எழுந்தாள். அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று வேறு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

இவ்வளவு கட்டுப்பாட்டையும் மீறி, வருஷத்துக்கு ஒருமுறை ஏட்டி முட்டையிட்டுவிடும். அப்போது தீதி நடந்துகொள்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது. முட்டையை எடுக்கமாட்டார். பென்சிலால் அதன்மேல் தேதி எழுதிக் கூண்டின் மூலையிலேயே வைத்துவிடுவார். அது அதன்மேல் உட்கார்ந்து அடைகாக்கும். அவர் சுண்ணாம்புச் சத்து கலந்த தண்ணீர் வைப்பார், பகல் குறையட்டும் என்று கூண்டை இருட்டில் வைப்பார்.

"பொரிக்காதுன்னு தெரியுமே தீதி. எடுத்துப் போட்டுட்டா என்ன?"

"எடுத்தா காணும்னு திரும்பப் போடும். ஒண்ணுக்கு நாலு போடும். இருந்தா, அதுவே ஒருநா பாத்துட்டு எந்திரிச்சுப் போயிரும். இருவது நாளோ இருவத்தஞ்சு நாளோ. அது வரைக்கும் உக்காரட்டும்."

நம்பவைக்கக் கூடாது என்று இருக்கும் அவரே, நம்பத் தொடங்கிவிட்டால் மட்டும் பாதியில் பிடுங்கமாட்டார்.

திருநெல்வேலியில் அவருக்கு ஒரு தங்கை உண்டு. வருஷா வருஷம் போன் செய்து, அம்மாவுடைய கொலுப் பொம்மைகள் கல்கத்தாவில் பெட்டிக்குள் கிடக்கின்றன, ஒரு தடவையாவது அடுக்கு, நான் வந்து பார்க்கிறேன் என்று கேட்பார். பறவை வந்ததிலிருந்து தீதி கொலு வைக்கவில்லை. படிகளுக்குக் கீழே வேஷ்டியால் மூடிய இருட்டு அறை ஒன்று உண்டாகும் அல்லவா, அதைவிடப் பெரிய பொந்து வேறு வேண்டுமா? "வராத," என்று தங்கையிடமும் சொல்லிவிடுவார். ஒரு வருஷம் தங்கைக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆயிற்று. அந்தப் புரட்டாசியில் அவர் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டு, ரயிலில் ஏறிய பிறகு போன் செய்தார்.

தங்கை வேறு மாதிரி மனுஷி. வாய் நிறையச் சிரிப்பு. வந்த இரண்டாம் நாளே பறவை அவர் தோளில் இருந்தது. தலையிலிருந்து வால் வரைக்கும் தடவிக்கொடுப்பார்.

"தலையோட நிறுத்து," என்பார் தீதி.

"தடவுனா தேஞ்சா போயிரும்? நீ வளக்கியா, ஜெயில்ல வச்சிருக்கியாக்கா?"

பூஜைக் கமிட்டிக்காரர்கள் கட்டடத்தின் முகப்பில் மேலிருந்து கீழ்வரை சர விளக்கு தொங்கவிடுவார்கள். மற்ற வருஷங்களில் தீதி போய்ச் சொல்லிவிட்டு வருவார், அவர் ஜன்னலை மட்டும் விட்டுவிட்டுக் கட்டுவார்கள். அந்த வருஷம் தங்கை ஜன்னலில் நின்று, "இங்கயும் கட்டுங்க, இங்கயும் கட்டுங்க," என்று தமிழிலேயே கத்தி, கையைக் காட்டிக் கட்டவைத்துவிட்டார். தீதி தடுக்கவில்லை. அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு வருஷம்தான்.

கொலுவுக்கும் சம்மதித்துவிட்டார், எனக்குப் போன் வந்தது. அமாவாசையன்று காலையில் வந்து ஐந்து படி கட்ட வேண்டும். "படிக்கு உள்ள ஒரு விரல் போகக்கூடாது. ரெண்டு பக்கமும் பலகை, பின்னாலயும் பலகை. முன்னால படிக்குப் படி இடையில்லாம அடைக்கணும். கேட்டுக்கிட்டியா?"

"ஆச்சு தீதி."

அன்றைக்கு எனக்கு ஆறு வீடு. அவர் வீட்டுக்குப் பதினொரு மணிக்குத்தான் போக முடிந்தது. பக்கவாட்டுப் பலகைகளை அடித்தேன், முன்பக்கம் அடைத்தேன். பின்பக்கத்துக்கு வைத்திருந்த பிளைவுட் ஒரு முழம் குறைந்தது. முந்தின வீட்டில் தவறாக வெட்டிவிட்டேன். கடைக்குப் போய் வர இரண்டு மணி நேரம் ஆகும். சுவர்தான் இருக்கிறதே என்று, பின்பக்கம் ஒரு வேஷ்டியை மடித்துத் தொங்கவிட்டு, படியைச் சுவரோடு தள்ளினேன். சுவரின் அடியில் மரப்பட்டி புடைத்திருந்ததால் முழுக்க ஒட்டவில்லை. நாலு விரல் இடைவெளி நின்றது.

தங்கை பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தீதி என்னிடம் வந்தார்.

"பின்னாலயும் அடிச்சாச்சா?"

பலகை குறைந்துவிட்டது என்று சொன்னால் போதும். கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார், போய் எடுத்து வா என்பார். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தலை தானாக ஆடிவிட்டது.

"ஆச்சு தீதி."

ஆறாம் நாள், சஷ்டி, காலையில் போன் வந்தது. உடனே வா என்றார். ஹவுராவிலிருந்து பஸ் பிடித்து, பந்தல்களைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. கூண்டு காலியாக இருந்தது. படிக்குள்ளிருந்து காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. தங்கை முந்தின நாள் பறவையை வெளியே விட்டிருக்கிறார், சுவர் இடைவெளி வழியாக உள்ளே போய்விட்டது. பொம்மைகளுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தை உள்ளே இழுத்துக் கூடு கட்டியிருக்கிறது. காலையில் தீதி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். வேஷ்டி மறைத்ததில் வால் மட்டும் தெரிந்ததாம், அதன் கீழே வெள்ளையாக ஒன்று.

"பின்னால பலகை அடிச்சேன்னு சொன்னியே," என்றார். குரலில் கோபம் இல்லை. கேள்விதான்.

தங்கை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாமிக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அடிச்சேன் தீதி. போல்ட் லூசாகி உள்ள சரிஞ்சிருக்கும்."

அவர் உடனே ஓரடி பின்னால் நகர்ந்தார். "அப்ப அசைக்காத. பலகை அது மேல விழுந்துரும்."

"நவராத்திரி முடியாம படியக் கலைக்கவும் கூடாது," என்றார் தங்கை.

"சாமிக்குச் சொல்லல. பலகைக்குச் சொல்லுதேன்."

பறவை வெளியே வரும்போது பிடித்துவிட்டு இடைவெளியை அடைத்துவிடலாமா என்று தங்கை கேட்டார். தீதி வேண்டாம் என்று தலையசைத்தார். முட்டை உள்ளே இருக்கிறது. பறவையை அதிலிருந்து பிரித்தால் திரும்பத் திரும்பப் போடும். உள்ளே கை விட்டு முட்டையையும் எடுக்க முடியாது, பலகை எப்படிச் சாய்ந்திருக்கிறதோ தெரியாது. "பத்து நாளும் முடியட்டும். அது வரைக்கும் அங்கனயே இருக்கட்டும்," என்றார். இல்லாத ஒரு பலகையைப் பற்றி அவர் இவ்வளவு யோசிப்பதை நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு என் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

தீதி கணவாய் ஓடு ஒன்றை இடைவெளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். தங்கை சுண்டலை வைத்திருக்கிறார். பறவை சுண்டலைத் தின்றது. அஷ்டமியன்று இரண்டாவது முட்டை.

தசமி காலையில் மறுபடி போன். ஹவுரா பக்கம் பறவை பார்க்கிற டாக்டர் யாரையாவது தெரியுமா என்று கேட்டார். அவர் எப்போதும் காட்டும் டாக்டர் ஊரில் இல்லை. மற்ற இரண்டு இடங்களில் ஏகாதசிக்குப் பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் மூலம் ஒரு டாக்டரின் நம்பர் கிடைத்தது. அவர் போனை எடுக்கவில்லை. நேரில் போனேன், வீடு பூட்டியிருந்தது. அங்கிருந்து பாலிகஞ்சுக்குப் போனேன். தெருவெல்லாம் விக்கிரகங்களைக் கரைக்க எடுத்துப் போகும் லாரிகள். பாலத்தைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. பாதி வழி நடந்தேன்.

குளியலறையில் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து ஆவி நிரப்பி, முக்காலியில் தீதி உட்கார்ந்திருந்தார். மடியில் சூடான துண்டு, அதில் பறவை. உப்பிப்போய், கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. மூன்றாவது முட்டை உள்ளே நின்றுவிட்டது. வால் ஏறி ஏறி இறங்கியது. தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பிழைச்சிரும்லாக்கா?"

"பிழைக்காது."

"ஒன் வாயில ஒரு நல்ல வார்த்தை வராதா?"

"வெந்நி ஆறிப்போச்சு. அடுப்புலேருந்து இன்னொரு பாத்திரம் எடுத்துட்டு வா."

வெளியே மேளம் அடித்துக்கொண்டு ஒரு ஊர்வலம் போயிற்று. தீதி ஒரு விரலால் அதன் கொண்டைக்குக் கீழே கோதிக்கொண்டே இருந்தார். மூன்று மணி இருக்கும், வால் அசைவது நின்றது. அவர் விரலை எடுக்க அதற்குப் பிறகும் வெகு நேரம் ஆயிற்று.

"நான் தடவுனதுதான்," என்றார் தங்கை. "நான் வந்ததுதான். வெளக்கும் நான்தான் கட்டச் சொன்னேன்."

"அதுவும் ஒண்ணு," என்றார் தீதி.

மறுநாள் படியைப் பிரிக்கப் போனேன். தங்கை உள் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் முகம் வற்றிப்போயிருந்தது. நான் உள்ளே வந்ததும், "என்னாலதான் தம்பி," என்று என்னிடமும் சொன்னார். நான் கூடத்துக்கு நகர்ந்துவிட்டேன். கூடத்தில் தீதி தரையில் உட்கார்ந்து பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். படிகள் காலி. நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் நிக்க? இழு."

இழுத்தால் தெரிந்துவிடும். அதனால்தான் சொன்னேன், அதில் வேறு பெருமை ஒன்றும் இல்லை.

"பின்னால பலகை அடிக்கவே இல்ல தீதி."

அவர் கையில் ஒரு செட்டியார் பொம்மை இருந்தது. சுற்றி முடித்தார். பெட்டிக்குள் வைத்தார்.

"கழண்டுதுன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"பலகை உள்ள கெடக்குன்னு நெனச்சுத்தான் நான் கை வைக்கல."

"தெரியும் தீதி."

"முட்டையோட எடுத்துக் கூண்டுல வச்சிருப்பேன். இருட்டுல வச்சு, மருந்து குடுத்திருப்பேன். நாலு நாள் இருந்துது."

உள் அறையில் தங்கை பெட்டியை மூடும் சத்தம் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. தன்னால் மட்டும் இல்லை என்று அவருக்காவது தெரிந்ததே என்று இப்போது நினைக்கிறேன்.

படியை இழுத்தேன். கிழிந்த காகிதக் குவியலில் இரண்டு முட்டைகள் இருந்தன. அவர் எழுந்து வந்து குனிந்து ஒன்றை எடுத்தார். விரல் பட்டதும் அது அமுங்கியது. ஓடு தோல்போல இருந்தது. இன்னொன்றையும் எடுத்து இரண்டையும் ஒரு கிண்ணத்தில் வைத்தார்.

"மன்னிச்சிருங்க தீதி."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது.

"பரவால்லன்னு சொன்னா ஒனக்கு ஆறுதலா இருக்கும். சொல்ல வரல."

நான் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். அவர் மிச்சப் பொம்மைகளைச் சுற்றினார். முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆறடி ஆங்கிள்களை ஒன்றாகக் கட்டினேன். வழக்கமாக நானே தோளில் வைத்துக்கொண்டு போவேன், அன்றைக்கு அவர் வந்து ஒரு முனையைப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் நடந்தேன். லிஃப்டு வரை இருவரும் தூக்கிக்கொண்டு போனோம். குறுக்காகச் சாய்த்து உள்ளே வைத்தோம்.

"வேற வேலை ஏதாவது இருந்தா கூப்பிடுங்க தீதி," என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"கூப்பிட மாட்டேன். நீயும் வராத."

"சரி தீதி."

கிரில் கதவை அவர்தான் இழுத்து மூடினார்.

அடுத்த வருஷம் ஆவணி முடிவதற்குள் கொலுப்படிக்குப் போன்கள் வர ஆரம்பித்தன. பின்பக்கப் பலகையை முதலில் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டுதான் எந்த வீட்டுக்கும் போனேன். அமாவாசையன்று காலை வர முடியுமா என்று மூன்று வீட்டில் கேட்டார்கள். முடியாது, வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்றேன். அன்று காலை குளித்து, பையை எடுத்து வைத்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினொரு மணி வரை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கேயும் போகலையா என்று மகள் கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அதற்கடுத்த வருஷமும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் வருஷம், அந்தக் காலையைக் கரியாஹாட் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒப்புக்கொண்டேன்.